ராஸ்பெரி பைக்கு எதைப் பூட்டுவது: கார்டா, எஸ்எஸ்டியா, என்விஎம்ஈயா?

மெமரி கார்டின் உறையில் செக்கனுக்கு 170 எம்பி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதை வாங்கி வந்து உள்ளங்கையளவுக் கொம்பியூட்டர் போர்டான ராஸ்பெரி பையின் மூன்றாம் தலைமுறையில், அதாவது பை 3இல், சொருகி அளந்து பார்த்தால் 22, 23தான் வரும். போலிக் கார்டைத் தலையில் கட்டிவிட்டார் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம், அசல் கார்டும் அதே 23ஐத்தான் தரும். பை 3இல் கார்டு போடுகிற இடத்தின் உச்சமே 25.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் வாசிகசாலை, டியூஷன் வகுப்பு என்று நடத்துகிற தம்பிமார் சிலர் ஒரு பை போர்டை வாங்கி, இணையப் பக்கங்களை இன்டர்நெட் இல்லாமல் காட்டும் கிவிக்ஸ் மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியாவை ஏற்றி, பாடம் நடத்தும் மென்பொருளான கொலிப்ரியில் பாட வீடியோக்களைப் போட்டு, சாதாரண தரக் கடந்தகால வினாத்தாள்களையும் இலங்கைத் தமிழ் நூல்களைச் சேர்த்துவைக்கும் நூலகம் தளத்திலிருந்து இறக்கிய பிடிஎஃப்களையும் ஒரு ஃபோல்டரில் சேர்த்து, இன்டர்நெட்டே இல்லாமல் பிள்ளைகள் வைஃபையில் பார்க்கும்படி செய்து கொடுக்கிறார்கள். நல்ல வேலை. டேட்டா போட்டுக் கட்டுப்படியாகாது, தோட்டத்து லய வீடுகளுக்குள் போனால் சிக்னலும் ஒரு கோடு, இரண்டு கோடுதான். ஆனால் டிஸ்க் வாங்கும் நேரம் வந்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: “அண்ணே, என்விஎம்ஈ போட்டா செக்கனுக்கு 3500 எம்பி வருமாமே, அதையே வாங்கிரவா?”

எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டில்லாமல் சிப்பிலேயே தரவை வைக்கும் டிஸ்க். அதில் பழைய வகை சாட்டா, போர்டோடு நேராகப் பேசும் வேகமான வகை என்விஎம்ஈ. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பை 4, பை 5 வைத்திருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு யூஎஸ்பி 3இல் தொங்குகிற ஒரு சாதாரண சாட்டா எஸ்எஸ்டி தாராளம். பை 3 வைத்திருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம், நல்ல கார்டு ஒன்றை வாங்கிவிட்டு மிச்சக் காசை யூபிஎஸ்ஸில் போடுங்கள். என்விஎம்ஈ தேவைப்படுகிற ஆட்களும் இருக்கிறார்கள், அவர்கள் யார் என்பதைக் கீழே சொல்கிறேன். கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும்.

கணக்குக்கு முன் ஒன்று. நெட்வொர்க் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள், டிஸ்க் வேகத்தை மெகாபைட்டில் சொல்வார்கள், விற்கிறவர்கள் எந்த எண் பெரிதாகத் தெரிகிறதோ அதைச் சொல்வார்கள். பிட்டை எட்டால் வகுத்தால் பைட். நான் எம்பி என்று எழுதும் இடமெல்லாம் மெகாபைட், செக்கனுக்கு.

கார்டின் கதை

பை 3இல் ஏன் 25? கார்டுக்குள் தரவு போய்வர நான்கு கம்பிகள். போர்டு அவற்றை 50 மெகாஹெர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு 50 மில்லியன் துடிப்பில், ஓட்டுகிறது. ஒரு துடிப்புக்கு நான்கு பிட், 50 மில்லியன் துடிப்பு, ஆக 200 மெகாபிட், எட்டால் வகுத்தால் 25 எம்பி. கட்டளைகளுக்கும் சரிபார்ப்புக்கும் போனது போக 22, 23 மிஞ்சுகிறது. இதற்கு மேலே போக வேண்டுமென்றால் யூஎச்எஸ் என்கிற முறைக்கு மாற வேண்டும், அதற்குக் கம்பிகளில் ஓடும் மின்னழுத்தத்தை 3.3 வோல்ட்டிலிருந்து 1.8க்கு இறக்க வேண்டும். கரண்ட் கொடுத்ததும் கார்டும் போர்டும் முதலில் 400 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகாமல் மெதுவாகத்தான் பேசிக்கொள்ளும், உனக்கு 1.8 முடியுமா என்று போர்டு கேட்கும், கார்டு ஆமென்றால் இரண்டும் சேர்ந்து இறங்கும். பை 3இல் அந்த இறக்கம் கிடையாது. கார்டு எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் கேட்க ஆள் இல்லை.

பை 4இல் இறக்கம் உண்டு. அதே 50 மெகாஹெர்ட்ஸ்தான், ஆனால் துடிப்பு ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை என்று தரவை அனுப்புவதால் உச்சம் 50 எம்பி, கைக்குக் கிடைப்பது 40இலிருந்து 45. பை 5இல் துடிப்பையே 208 மெகாஹெர்ட்ஸ் வரை ஏற்றலாம், உச்சம் 104, நல்ல கார்டில் 80, 90 பார்க்கலாம். அவ்வளவுதான் கார்டின் எல்லை. உறையில் இருக்கும் 170ம் 200ம் அந்தந்தக் கொம்பனியின் சொந்த முறையில், அவர்களுடைய கார்டு ரீடரில் போட்டால் வருகிற எண்கள். பின்பக்கம் இரண்டாவது வரிசைத் தகடுகள் உள்ள யூஎச்எஸ் 2 கார்டு இன்னும் விலை கூட, அந்த இரண்டாவது வரிசையைத் தொடும் முனைகளே பையில் இல்லை. கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் வாங்கட்டும்.

பை 3இல் கார்டின் துடிப்பை 100 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றுகிற ஒரு வழி இருக்கிறது, அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும், சில கார்டுகள் அதைத் தாங்கி 40க்குப் பக்கத்தில் தரும். வீட்டில் விளையாடிப் பார்க்க நல்லது. பிள்ளைகள் நம்பிக்கொண்டிருக்கிற மெஷினில் நான் செய்ய மாட்டேன், ஏனென்றால் தாங்காத கார்டு சத்தமில்லாமல் ஃபைலைக் கெடுக்கும், கெட்டது மாதக் கணக்கில் தெரியாது.

யூஎஸ்பி: நீலத் துளையும் கறுப்புத் துளையும்

பை 3இல் நான்கு யூஎஸ்பி துளைகளும் லேன் துளையும் வெளியே ஐந்து போலத் தெரியும். உள்ளே எல்லாம் ஒரே ஒரு யூஎஸ்பி 2 இணைப்பில் போய் முட்டுகின்றன. 480 மெகாபிட், தாளில் 60 எம்பி, நடைமுறையில் 35 கிடைத்தால் சந்தோஷப்படலாம். தோட்டத்து ஒற்றைப் பாலத்தில் கொழுந்து லொறியும் ஸ்கூல் வேனும் எதிரெதிரே வந்து நிற்பதைப் போல, டிஸ்க்கிலிருந்து படிப்பதும் லேனில் அனுப்புவதும் அந்த ஒரே இணைப்பில் மாறி மாறித்தான் போக வேண்டும். பை 3 பியில் லேன் 100 மெகாபிட்தான், அதாவது 11, 12 எம்பி. பை 3 பி பிளஸ்ஸில் கிகாபிட் என்று எழுதியிருக்கும், ஆனால் அதே யூஎஸ்பி 2க்குள் தொங்குவதால் 300 மெகாபிட்டைத் தாண்டாது, அதுவும் டிஸ்க் சும்மா இருந்தால். பை 3இல் எஸ்எஸ்டியைப் பூட்டினால் 500 எம்பி டிஸ்க் 35இல் ஓடும், கார்டைவிடப் பத்துப் பன்னிரண்டு எம்பி கூடுதல். சின்னச் சின்னத் துண்டுகளாகத் தரவை எழுதுவதற்கு எஸ்எஸ்டி கார்டைவிட நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் கையில் ஏற்கெனவே ஒன்று கிடந்தாலொழிய பை 3க்கென்று காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.

2019இல் பை 4 வந்தபோது இந்தக் கணக்கு முழுக்க மாறிவிட்டது. லேன் தனியாகப் பிரிந்து உண்மையான கிகாபிட் ஆனது, 940 மெகாபிட், கிட்டத்தட்ட 117 எம்பி. இரண்டு நீலத் துளைகள் யூஎஸ்பி 3. அவை பிசிஐஈ என்கிற, போர்டுக்குள் தரவு வேகமாக ஓடும் தடம் ஒன்றின் வழியாகப் பிராசஸருக்குப் போகின்றன, அந்தத் தடத்தின் உச்சம் 500 எம்பி, சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் பூட்டினால் 350இலிருந்து 400 வரை வரும். கார்டைவிட எட்டு ஒன்பது மடங்கு. பை 5இல் இரண்டு நீலத் துளைகளும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடும், ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் பிரதி எடுக்கிறவர்களுக்கு அது பெரிய வசதி.

இங்கேதான் எஸ்எஸ்டியை யூஎஸ்பியில் சொருக வைக்கும் அடாப்டர் என்கிற சனியன் வருகிறது. எஸ்எஸ்டி நல்லதாக இருக்கும், பை நல்லதாக இருக்கும், இரண்டுக்கும் நடுவில் மலிவாக வாங்கிய கேபிள் வேலையைக் கெடுக்கும். பழைய முறையில் அடாப்டர் ஒரு கட்டளையை அனுப்பி அதற்குப் பதில் வரும்வரை காத்திருக்கும், யூஏஎஸ் என்கிற புதிய முறையில் பல கட்டளைகளை வரிசையாக அனுப்பிவிட்டு முடிந்ததை வாங்கிக்கொள்ளும். யூஏஎஸ் இருந்தால் சின்ன ஃபைல்களில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் சில அடாப்டர் சிப்புகள் யூஏஎஸ் தெரியும் என்று சொல்லிவிட்டு வேலை கூடும்போது தொங்கிப்போகும், டிஸ்க் திடீரென்று காணாமல் போகும், மறுபடி வரும். அப்படியானால் அந்த அடாப்டரின் அடையாள எண்ணைத் துவக்கக் கோப்பில் எழுதி யூஏஎஸ்ஸை நிறுத்தலாம். வேகம் கொஞ்சம் இறங்கும், டிஸ்க் காணாமல் போகாது. அந்த மாற்று வழியை நான் தயங்காமல் செய்வேன்.

இன்னொரு விஷயம், யாரும் சொல்லாதது. யூஎஸ்பி 3 முனையை உற்றுப் பாருங்கள். வாய்ப்பக்கம் பழைய யூஎஸ்பியின் நான்கு தகடுகள், உள்ளே ஆழத்தில் புதிதாக ஐந்து. பயந்து பயந்து மெதுவாகச் சொருகினால் முன்னால் உள்ள நான்கும் முதலில் தொட்டு, இது யூஎஸ்பி 2 டிஸ்க் என்று போர்டு முடிவு செய்துவிடும், உள்ளே இருக்கும் ஐந்து தொடுவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அப்புறம் 35 எம்பியில் ஓடும் எஸ்எஸ்டியைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கழற்றிவிட்டு ஒரே தள்ளாகச் சொருகுங்கள். யூஎஸ்பியில் சொருகியிருப்பவற்றை மரம் போலக் கிளை கிளையாகக் காட்டும் கட்டளையை ஓட்டினால் டிஸ்க்குக்கு நேரே மெகாபிட்டில் 480 அல்லது 5000 என்று நிற்கும். 5000 வந்தால்தான் யூஎஸ்பி 3. கண்டியில் ஒரு கடையில் நீல முனையோடு வாங்கிய கேபிள் ஒன்று எப்படிச் சொருகினாலும் 480ஐத்தான் காட்டியது, பிய்த்துப் பார்த்தால் உள்ளே நான்கே நான்கு கம்பி. முனைக்கு மட்டும் நீலம் அடித்திருக்கிறார்கள். மாற்றித் தரச் சொன்னதற்கு, திறந்த பொருளை எடுக்க மாட்டோம் என்று விட்டார்கள்.

கரண்டையும் பாருங்கள். பை 3, பை 4இல் எல்லா யூஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான். பை 5இல் 5 ஆம்பியர் சார்ஜர் போட்டால் 1.6 ஆம்பியர், பழைய 3 ஆம்பியர் சார்ஜரையே போட்டால் 0.6 ஆம்பியர் என்று தானாகக் குறைத்துக்கொள்ளும். சில எஸ்எஸ்டிகள் எழுதும்போது ஒரு ஆம்பியரைத் தொடும். ‘டிஸ்க் பழுது’ என்று வருகிற மெஷின்களில் சார்ஜர் பழுதுதான் பாதி.

நீலத் துளையால் வைஃபைக்கும் ஒரு கெடுதல் உண்டு. யூஎஸ்பி 3இல் தரவு ஓடும்போது கேபிளிலிருந்தும் முனையிலிருந்தும் கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் விழுகிறது, இன்டெல் 2012இலேயே இதைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டிருக்கிறது. எஸ்எஸ்டியைப் பைக்கு மேலேயே ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்துவிட்டு, புது டிஸ்க் போட்ட பிறகு வைஃபை மந்தமாகிவிட்டது என்கிறவர்கள் டிஸ்க்கை ஒரு முழம் தள்ளி வைத்துப் பாருங்கள். தடித்த, உறை போட்ட கேபிள் நல்லது. பை 3 பி பிளஸ், 4, 5 என்றால் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் மாறலாம், வைஃபை அமைப்பில் நாட்டின் குறியை எல்கே (இலங்கை) என்று கொடுக்க மறக்காதீர்கள்.

என்விஎம்ஈயும் அந்த 3500ம்

பெட்டியில் உள்ள 3500 பொய்யில்லை. நான்கு பிசிஐஈ மூன்றாம் தலைமுறைத் தடங்களில் ஓடும்போது வருகிற வேகம் அது. பை 5இல் வெளியே எடுத்துக் கொடுத்திருப்பது ஒரே ஒரு தடம், அதுவும் இரண்டாம் தலைமுறை. நான்கில் ஒன்று, அதில் பாதி. உச்சம் 500, கைக்கு 430, 450. அமைப்பில் ஒரு வரி மாற்றி மூன்றாம் தலைமுறை வேகத்தில் ஓட்டலாம், 800க்கு மேலே போகும், பலருக்குப் பிரச்சினை இல்லாமல் ஓடுகிறது, ஆனால் பை நிறுவனம் அதற்குப் பொறுப்பேற்கவில்லை. போர்டிலிருந்து போகும் அந்தத் தட்டைக் கேபிள் கொஞ்சம் சரியில்லாவிட்டாலும் பிழைகள் வரும். மலிவான என்விஎம்ஈக்கும் விலையுயர்ந்த என்விஎம்ஈக்கும் பையில் வேக வித்தியாசம் தெரியாது என்பது இதிலிருந்து விளங்கும். வாங்கியே தீருவேன் என்றால் விலை குறைந்ததை, சூடாகாததை வாங்குங்கள்.

இரண்டாம் தலைமுறையில் 440, சாட்டா எஸ்எஸ்டியில் 380. இந்த வித்தியாசத்துக்காக ஒரு தனிப் பலகை, அதற்கு ஏற்ற உறை, எல்லாம் வாங்க வேண்டும். சின்னச் சின்னத் துண்டுகளைப் படிக்கும்போது என்விஎம்ஈ முந்தும், யூஎஸ்பியின் இடைத்தரகு இல்லை, கேபிள் ஆட்டம் இல்லை, நீலத் துளை இரைச்சல் இல்லை. பையையே மேசைக் கொம்பியூட்டராக வைத்துப் புரோகிராம் எழுதிப் பழகுகிறவர், கண்காணிப்புக் கேமரா நாலைந்தை இரவும் பகலும் பதிவு செய்கிறவர், இவர்களுக்கு நான் என்விஎம்ஈ என்றே சொல்வேன். வாசிகசாலைக்கு இல்லை.

ஏனென்றால் வகுப்பு கேட்பது என்ன?

முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் வீடியோ பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். போன் திரைக்குப் போதுமான 480பி பாட வீடியோவுக்கு ஏறக்குறைய 1 மெகாபிட். முப்பதுக்கு 30 மெகாபிட். எட்டால் வகுங்கள், 4 எம்பிகூட இல்லை. பை 3இன் கார்டு 23 தருகிறது. கார்டே ஐந்து மடங்கு மிச்சம் வைத்திருக்கிறது, பிறகு ஏன் வீடியோ நின்று நின்று ஓடுகிறது? வைஃபை. 2.4 கிகாஹெர்ட்ஸில் எல்லோருக்கும் சேர்த்து 40 மெகாபிட் உருப்படியாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம், தூரத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பழைய போன்கள் மெதுவாகப் பேசினால் மற்ற எல்லாரும் அதற்காகக் காத்திருக்க வேண்டும். பைக்குள் இருக்கிற வைஃபை நாலைந்து பேருக்கு ஆனது, வகுப்பறைக்கு ஆனதில்லை. ஒரு நல்ல இரட்டை அலைவரிசை ரவுட்டரை வாங்கி லேன் கேபிளால் பையில் இணைத்தால் கிடைக்கிற முன்னேற்றம் எந்த எஸ்எஸ்டியாலும் கிடைக்காது. என்விஎம்ஈக்கு ஒதுக்கிய காசு இருந்தால் அதற்குப் போங்கள்.

டிஸ்க்கின் வேகம் தெரிகிற இடம் ஒன்று இருக்கிறது, புதிதாக ஏற்றும்போது. 64 ஜிபி பாடங்களை பை 3 பியின் லேன் வழியாக ஏற்றினால் ஒன்றரை மணித்தியாலம். பை 4இன் கிகாபிட் லேனில் எஸ்எஸ்டிக்கு ஏற்றினால் பத்து நிமிடத்துக்குள். ஆனால் பென் டிரைவில் கொண்டுவந்து பிரதி எடுக்கிறீர்கள் என்றால் மலிவான பென் டிரைவ் 25 எம்பிக்கு மேல் தராது, அந்தப் பக்கம் எஸ்எஸ்டி இருந்தென்ன, என்விஎம்ஈ இருந்தென்ன, முக்கால் மணித்தியாலம் எடுக்கும். தவணைக்கு ஒருமுறை செய்கிற வேலை, இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம்.

துண்டு துண்டாக எழுதும்போது

வேகம் என்றாலே நீளமான ஒரு ஃபைலைப் படிக்கும் வேகத்தைத்தான் சொல்கிறோம். கார்டு படுத்துக்கொள்வது அங்கே இல்லை. கொலிப்ரி ஒவ்வொரு பிள்ளையும் எந்த வீடியோவை எவ்வளவு பார்த்தது, எந்தக் கணக்கைச் சரியாகச் செய்தது என்று தரவுத்தளத்தில் எழுதிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் சில கிலோபைட். மலிவான கார்டு ஒன்று நீளமாக 20 எம்பி எழுதும், இப்படித் துண்டு துண்டாகக் கொடுத்தால் 1 எம்பிக்கும் கீழே இறங்கிவிடும், ஏனென்றால் கார்டுக்குள் இருக்கும் ஃபிளாஷ் சிப்பில் ஒரு சின்னத் துண்டை மட்டும் அழித்து எழுத முடியாது, பெரிய கட்டத்தையே அள்ளி வேறிடத்தில் வைக்க வேண்டும். வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் வினாவிடை செய்யும்போது பை திணறி நின்றால் பிராசஸரைக் குறை சொல்லாதீர்கள், வேலை செய்யாமல் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் சதவீதம் எவ்வளவு என்று பாருங்கள்.

கார்டில் பார்க்க வேண்டிய குறி அதனால் 170 இல்லை. ஏ1 என்று சின்னதாக எழுதியிருக்கும், செக்கனுக்குக் குறைந்தது 500 துண்டுகளை எழுதும் என்கிற உத்தரவாதம் அது, 4 கிலோபைட் துண்டென்றால் 2 எம்பி. ஏ2 என்றால் 2000 துண்டு, ஆனால் அதைத் தர போர்டும் கட்டளைகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும், பை 3இலும் 4இலும் ஏ2க்குக் கூடுதல் காசு கொடுக்க மாட்டேன். கிளாஸ் 10, யூ1 எல்லாம் நீளமாக எழுதும்போது 10 எம்பி, யூ3, வி30 என்றால் 30, கேமராவுக்கான குறிகள். சாட்டா எஸ்எஸ்டி இந்தத் துண்டு வேலையில் நல்ல கார்டைப் பல மடங்கு முந்தும், எஸ்எஸ்டி வாங்கச் சொல்வதற்கு 380ஐ விட இதுவே எனக்குப் பெரிய காரணம். கிவிக்ஸ், பிடிஎஃப் மட்டும் வைத்திருப்பவர்கள் எழுதுவதே இல்லை, படிப்பதுதான். அவர்களுக்குக் கார்டே போதும்.

கரண்ட் போனால்

நம் பக்கத்தில் டிஸ்க் சாவதற்கு முதல் காரணம் வேகமோ வயதோ இல்லை, கரண்ட். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வெட்டினார்கள், அது போகட்டும், இப்போதும் தென்மேல் பருவக் காற்றில் ஒரு சவுக்கு மரம் கம்பியில் சாய்ந்தால், ஏப்ரலில் பின்னேர இடி இறங்கினால் பொசுக்கென்று போகும், வரும், மறுபடி போகும். கார்டு கட்டங்களை இடம் மாற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் போனால் நீங்கள் எழுதாத ஃபைல்கூடக் கெட்டுப்போகும். எஸ்எஸ்டிக்கும் இது பொருந்தும், மலிவான எஸ்எஸ்டிகளில் கரண்ட் போனால் தாங்கிப் பிடிக்கிற கெப்பாசிட்டர்கள் கிடையாது, கொஞ்சம் குறைவாக அடிபடும், அவ்வளவுதான்.

டிஸ்க்கிலிருந்து படிக்க மட்டும், எழுத வேண்டாம் என்றால் பையின் அமைப்பு மெனுவிலேயே ஓவர்லே என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் கார்டில் எதுவுமே எழுதாது, எழுதுவதெல்லாம் ராமில், பிளக்கைப் பிடுங்கினாலும் கவலையில்லை. கொலிப்ரிக்கு இது சரிவராது, பிள்ளைகளின் புள்ளிகள் எல்லாம் கரண்ட்டோடு போய்விடும். அவர்களுக்கு யூபிஎஸ். வெட்டுக் காலத்தில் ரவுட்டருக்கென்று வாங்கிய சின்ன வெள்ளை யூபிஎஸ் வீட்டில் கிடக்கிறது என்று அதையே பைக்குக் கொடுக்கப் பார்ப்பார்கள், அதில் 5 வோல்ட் துளைக்கு எத்தனை ஆம்பியர் என்று கீழே எழுதியிருப்பதை வாசியுங்கள். பை 4க்கு 3 ஆம்பியர் வேண்டும், எஸ்எஸ்டியும் அதிலிருந்துதான் குடிக்கிறது. 2 ஆம்பியரில் ஓடுவதுபோல ஓடும், எழுதும்போது விழும். யூபிஎஸ்ஸே டிஸ்க்கைக் கெடுத்த கதையாகிவிடும்.

பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைச் சொருகலாமா என்றும் கேட்கிறார்கள். நீளமாகப் படித்தால் 100 எம்பி, துண்டுகளில் செக்கனுக்கு நூறு தேறினால் அதிகம், சுழலத் தொடங்கும்போது ஒரு ஆம்பியரைக் கேட்கும். பிரதி எடுத்து அலுமாரியில் வைக்க நல்லது. ஓட்டுவதற்கு வேண்டாம்.

இந்த லேப்டாப் பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பை பிரியர்கள் கோபித்துக்கொள்ளட்டும். திரை உடைந்து மூலையில் கிடக்கும் ஒரு பழைய ஐ3 லேப்டாப் உங்களிடம் இருந்து, பேட்டரி இன்னும் அரை மணித்தியாலம் தாங்கினால், அதற்குள் எஸ்எஸ்டியைப் போட்டு லினக்ஸ் ஏற்றுங்கள். சாட்டாவில் நேராக 500 எம்பி, அடாப்டர் சனியன் இல்லை, பெரும்பாலும் கிகாபிட் லேன், யூபிஎஸ் உள்ளேயே. பை ஐந்தாறு வாட்டில் ஓடும், இது இருபதைத் தொடும், பில்லில் தெரியும். நாளுக்கு நாலு மணித்தியாலம் ஓடுகிற வாசிகசாலைக்கு அது பெரிய காசில்லை.

மழைமானி, வெப்பமானி என்று சின்ன போர்டுகளில் கார்டு போடுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை: ஆர்டுயினோ ஊனோ போர்டில், ஒரு நேரத்தில் ஒரு பிட்டை அனுப்பும் எஸ்பிஐ இணைப்பு வழியாகக் கார்டு 1 எம்பியைத் தாண்டாது, நிமிடத்துக்கு ஒரு வரி எழுத அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். பார்க்க வேண்டியது தாமதம். கார்டு உள்ளே வேலையாக இருந்தால் ஒரு துண்டை எழுதக் கால் செக்கன் வரை காக்க வைக்கத் தரநிலையே அனுமதிக்கிறது, அந்தக் கால் செக்கனில், நிரம்பினால் கவிழும் மழைமானி வாளி ஒருமுறை கவிழ்ந்தால் எண்ணிக்கை தப்பிவிடும். வாளியை, மற்ற வேலையை இடைநிறுத்தி உடனே கவனிக்க வைக்கும் இன்டரப்ட்டில் எண்ணுங்கள், எழுதுவதை மெதுவாகச் செய்யுங்கள்.

வாங்குவது பற்றி. ஹட்டனில், நுவரெலியாவில் எஸ்எஸ்டி கிடைக்கும், கொழும்பு யூனிட்டி பிளாசாவில் தெரிவு கூட, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அடாப்டரும் கேபிளும் மலிவு, அதே அளவுக்குப் போலியும் மலிவு. நடைபாதையில் கார்டு வாங்குகிறவர்கள் 256 ஜிபி என்று எழுதியிருப்பதை நம்பாமல் முழுக் கார்டையும் எழுதிப் படித்துச் சோதிக்கிற எஃப்3 மாதிரி மென்பொருள் ஒன்றை ஓட்டுங்கள், 32 ஜிபிக்குப் பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகிற கார்டுகள் நிறைய உலவுகின்றன. எஸ்எஸ்டியில் கொம்பனி பற்றி நான் அலட்டிக்கொள்ள மாட்டேன், 240 ஜிபிக்கு மேல், உத்தரவாதச் சீட்டோடு, பில்லோடு எதுவானாலும் சரி. அடாப்டருக்குத்தான் கண்டிப்பு. வாங்கப் போகும்போது பையையும் அதன் சார்ஜரையும் கையோடு கொண்டுபோங்கள், உறையைப் பிரித்துச் சொருகிப் பார்க்க விட்டால் மட்டும் வாங்குங்கள், திரையில் 5000 வந்த பிறகு ஒரு பெரிய ஃபைலை நாலைந்து நிமிடம் எழுதவிட்டு, டிஸ்க் நடுவில் காணாமல் போகவில்லை என்றால் காசைக் கொடுங்கள்.